வெள்ளிக்கிழமை அப்பா

இந்தப் பக்கம் தள்ளி உட்காருங்கள் தம்பி. அந்த மூலையில் ஆணி துருத்திக்கொண்டிருக்கிறது, பேன்ட்டைக் கிழித்துவிடும். ஹெல்மெட்டைக் கீழேயே வையுங்கள், யாரும் எடுக்க மாட்டார்கள். எச்.எம். ரூமுக்கு முதல் தடவையா? முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அங்கே நிற்கிற உங்கள் பையன் என்ன செய்தான்? செல்போனா? அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. நான் இங்கே உட்கார்ந்து பார்த்த வரைக்கும் செல்போனுக்கெல்லாம் டி.சி. கொடுத்து அனுப்பியதில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே போனதும் பையனை அடிக்காதீர்கள். கையைக்கூட ஓங்காதீர்கள். முன்பு இருந்த எச்.எம்.முக்கு அது பிடிக்கும். இந்த அம்மாவுக்குப் பிடிக்காது.

எனக்கா? எனக்கு இங்கே பையன் யாரும் படிக்கவில்லை. வேலையும் இல்லை. நான் மில்லில் ராத்திரி ஷிப்ட். காலையில் வீட்டுக்குப் போகிற வழியில் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை இப்படிக் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போவேன். வாட்ச்மேன் ஒன்றும் சொல்ல மாட்டார். வீட்டுக்குப் போனாலும் பகலில் தூக்கம் வராது. படுத்தால் காதுக்குள் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும்.

மெதுவாக என்ன, சாதாரணமாகவே பேசலாம். ஜன்னல் திறந்திருக்கிறதே என்று பார்க்கிறீர்களா? உள்ளே பேசுவது இங்கே கேட்கும். இங்கே பேசுவது உள்ளே கேட்காது. ஃபேன் சத்தம். உள்ளே போனவர்கள் இப்போதைக்கு வர மாட்டார்கள். இந்த எச்.எம். அம்மா, செண்பகவல்லி டீச்சர், ஒருத்தரை உட்கார வைத்தால் அடுத்த மணி அடிக்கிறவரை விட மாட்டார்கள். அது ஒரு கதை. சொல்கிறேன், உங்களுக்கும் நேரம் போகும்.

முன்பு ராமசுப்பு சார் இருந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் சத்தம். பையன் ஏதாவது செய்துவிட்டால், "போய் உங்கப்பனைக் கூட்டிட்டு வா" என்பார். அப்பன் வந்து நின்றதும் அவர் திட்டுவது பையனை இல்லை, அப்பனை. "பெத்தா மட்டும் போதுமாய்யா?" என்பார். அந்த இடத்தில் அப்பனுக்கு வேறு என்ன வழி இருக்கிறது? பையனைப் பிடித்து நாலு சாத்து சாத்துவான். உடனே சார் எழுந்து வந்து, "போதும் போதும், விடுங்க, படிக்கிற பையன்" என்று தடுப்பார். அவ்வளவுதான், முடிந்தது. டி.சி. கிடையாது, வகுப்புக்குப் போகலாம். இங்கே அதுதான் வழக்கம். அடிக்காத அப்பனைக் கண்டால்தான் அவருக்குச் சந்தேகம் வரும்.

என் மகன் சோலைராஜ் இங்கேதான் படித்தான். பத்தாம் வகுப்பில் சுவர் ஏறிக் குதித்து சினிமாவுக்குப் போய்விட்டான். என்னைக் கூப்பிட்டார்கள். தலையெல்லாம் பஞ்சோடு ஷிப்ட் முடிந்து அப்படியே வந்தேன். சார் வாயைத் திறக்கும் முன்பே நான் ஆரம்பித்துவிட்டேன். இடுப்பில் பெல்ட் இருந்தது. சார் தடுக்க வந்தார், அவர் கையிலும் ஒன்று பட்டது. "குருவையா மாதிரி ஒரு அப்பா இருந்தா எனக்கு இங்க வேலையே இல்லை" என்று அசெம்பிளியில் மைக்கில் சொன்னாராம். குருவையா என் பெயர். நான் அதைக் கேட்கவில்லை. அந்த நேரம் வீட்டில் படுத்திருந்தேன். டீக்கடையில் சொன்னார்கள், டீக்குக் காசு வாங்கவில்லை.

சோலைராஜ் மறுநாள் பள்ளிக்கூடம் போகவில்லை. காய்ச்சல் என்று நினைத்தேன். அதற்கடுத்த நாளும் போகவில்லை. இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். நல்ல கம்பெனி. போன் எடுக்கக்கூட நேரம் இல்லாத அளவுக்கு வேலை.

அது கிடக்கட்டும். மைக்கில் சொன்னதில் என்ன ஆயிற்று என்றால், என் பெயர் பையன்கள் மத்தியில் பரவிவிட்டது. ஒருநாள் காலையில் எதிர்த்த டீக்கடையில் நிற்கிறேன், ஒரு பொடியன் வந்து, "மாமா, எங்கப்பா கேரளாவுக்கு லோடு ஏத்திட்டுப் போயிட்டாரு. நீங்க கொஞ்சம் எச்.எம். ரூம் வரைக்கும் வரணும்" என்கிறான்.

"நான் எதுக்குடா?"

"அப்பாவா வரணும் மாமா. அடிக்கணும். நீங்கதான் நல்லா அடிப்பீங்களாமே."

எனக்குச் சிரிப்பாக இருந்தது. தூங்கப் போவதற்கு முன்னால் ஒரு வேலை, அவ்வளவுதானே என்று போனேன். நிஜமாக அடிக்க முடியுமா, ஊரான் பிள்ளை. உள்ளங்கையைக் குழித்து முதுகில் போட்டால் சத்தம் வரும், வலி இருக்காது. பையன் "அப்பா வேண்டாம்ப்பா, அப்பா வேண்டாம்ப்பா" என்று கத்த வேண்டும். வெளியே டீக்கடைக்குப் பின்னால் வைத்துச் சொல்லிக்கொடுத்துத்தான் கூட்டிப்போவேன். சிலதுகள் சிரித்துவிடும். அதுகளை மட்டும் கொஞ்சம் அழுத்திப் போடுவேன்.

அப்படியே ஆகிவிட்டது. ஒருத்தனுக்கு அப்பா, ஒருத்தனுக்குப் பெரியப்பா, ஒருத்தனுக்குத் தாய்மாமன். ராமசுப்பு சாருக்குப் பெயர் ஞாபகம் இருக்கும், முகம் ஞாபகம் இருக்காது. ஒரு தடவை மட்டும் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, "நீங்க போன வாரமும் வந்தீங்கல்ல?" என்றார். "பெரிய குடும்பம் சார்" என்றேன். "குடும்பமே சரியில்லை போலிருக்கு" என்று சொல்லிவிட்டு விட்டுவிட்டார்.

காசெல்லாம் வாங்கியதில்லை தம்பி. ஒரு டீ, ஒரு வடை. உதவிதானே.

அவர் ரிட்டயர் ஆகி இந்த அம்மா வந்தார்கள். ஒல்லியாக, காட்டன் சேலை கட்டிக்கொண்டு. நீங்கள் பார்த்தீர்களல்லவா, சத்தமே வராது. இவர்களிடம் நம் வேலை இன்னும் சுலபம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் தங்கேஸ்வரன் வந்தான். பிளஸ் டூ. உயரமான பையன், நிற்கும்போது எங்கே கையை வைப்பது என்று தெரியாமல் நிற்பான். வகுப்பில் பெஞ்சு மேல் ஏறி நின்று ஃபேன் இறக்கைகளை எல்லாம் மேலே வளைத்து, தாமரைப்பூ மாதிரி ஆக்கிவிட்டான். கெமிஸ்ட்ரி சார் டி.சி. கொடுத்தே ஆக வேண்டும் என்று நிற்கிறார். அப்பாவைக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்கள்.

"உங்கப்பா எங்கடா?" என்றேன்.

"ஊர்லதான் இருக்காரு. கம்பி கட்டுற மேஸ்திரி. லிங்கம்னு. இன்னொரு தடவை ஸ்கூல்ல இருந்து புகார் வந்தா படிப்பை நிறுத்திட்டுக் கம்பி வேலைக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்னு சொல்லியிருக்காரு மாமா. சொன்னா செய்வாரு."

"உனக்குப் படிக்கணுமா?"

"பரீட்சை எழுதணும்" என்றான். அதை மட்டும் நிமிர்ந்து பார்த்துச் சொன்னான்.

சரி என்று கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்ததும் வழக்கம்போல, "ஏலேய், உன்னைப் படிக்க அனுப்பினா" என்று கையைக் குழித்து முதுகில் ஒன்று போட்டேன். நல்ல சத்தம். அவனும் ஒழுங்காகக் கத்தினான். நான் அடுத்ததற்குக் கையை ஓங்கிக்கொண்டு, "போதும் விடுங்க" வருகிறதா என்று பார்க்கிறேன். வரவில்லை. இன்னொன்று போட்டேன். அப்போதும் வரவில்லை. அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவது போட எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. தடுக்க ஆளில்லாமல் எவ்வளவு நேரம் அடிப்பது?

"முடிஞ்சுதா?" என்றார்கள்.

"முடிஞ்சுது டீச்சர்."

"உட்காருங்க. தண்ணி குடிங்க. ரெண்டு பேரும் அந்த பெஞ்சில உட்காருங்க."

உட்கார்ந்தோம். அப்பனும் மகனும் எச்.எம். ரூமில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"இப்ப ரெண்டு பேரும் பேசுங்க. ஃபேனைப் பத்திப் பேசக் கூடாது. படிப்பைப் பத்திப் பேசக் கூடாது. அடுத்த மணி அடிக்கிற வரைக்கும்."

"வேற என்ன டீச்சர் பேசுறது?"

"உங்க பையன்தானே, உங்களுக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு அவர்கள் பாட்டுக்கு ஏதோ பேப்பர் திருத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

என்ன தம்பி பேசுவது? எனக்கு அவன் பெயர் தெரியும், ஃபேன் தெரியும். ஃபேனைப் பேசக் கூடாது. அடிக்கச் சொன்னால் அடிக்கலாம். நான் சுவரைப் பார்த்தேன், அவன் தரையைப் பார்த்தான். ரொம்ப நேரம் கழித்து, "காலைல சாப்பிட்டியா?" என்றேன். "ம்" என்றான். மணி அடிக்கிறவரை அவ்வளவுதான் பேச்சு. நான் மில்லில் எத்தனையோ ராத்திரி நின்றுகொண்டே ஓட்டியிருக்கிறேன், ஆனால் அந்த ஒரு பீரியடு மாதிரி நீண்டது எதுவும் இல்லை.

மணி அடித்ததும் அந்த அம்மா சொன்னார்கள்: "டி.சி. இப்ப கிடையாது. ஆனா நீங்க வெள்ளிக்கிழமைதோறும் இதே நேரத்துக்கு வரணும், இதே மாதிரி உட்கார்ந்து பேசணும். பரீட்சை வரைக்கும். எந்த வெள்ளிக்கிழமை நீங்க வரலையோ, அன்னைக்கு டி.சி. எழுதிருவேன்."

வெளியே வந்ததும் பையன் முகம் வெளுத்துவிட்டது. "மாமா, ஒரு தடவைக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்" என்றான்.

"நானும் ஒரு தடவைக்குத்தான்டா வந்தேன்" என்றேன்.

ஆனால் என்ன செய்ய? நான் நின்றால் அவன் படிப்பு நிற்கும். வந்துகொண்டிருந்தேன்.

அடுத்த வாரத்திலிருந்து மில்லைப் பற்றிப் பேசினேன். வேறு எனக்கு என்ன தெரியும்? நூல் அறுந்தால் ஓடுகிற மெஷினில் எப்படிப் பிடித்து ஒட்டுவது, எந்த நேரத்தில் கண் சொக்கும், சொக்கினால் யார் வந்து தலையில் தட்டுவார், எங்கள் மில் மேஸ்திரி பாத்ரூமில் தூங்கி மாட்டிக்கொண்ட கதை. பையன் கொஞ்சம் கொஞ்சமாகக் கேள்வி கேட்க ஆரம்பித்தான். ஒரு வாரம் அவனாகவே, "நான் வளைச்சது எல்லாம் ஓடாத ஃபேன். நான் ஒன்பதாவது படிச்சப்ப இருந்தே ஓடல. ஓடுற ஃபேனை நான் தொடவே இல்லை" என்றான். ஃபேனைப் பேசக் கூடாது என்று நான் அவன் தொடையில் கிள்ளினேன். நல்லவேளை, டீச்சர் நிமிரக்கூட இல்லை. அவர்கள் அப்படித்தான், பேப்பரில் கண் வைத்தால் காது வேலை செய்யாது. அடுத்த வாரம் வந்தால் அந்த வகுப்பில் எலெக்ட்ரீஷியன் ஏணி போட்டு நிற்கிறான். தற்செயலாக அமைந்தது, பாருங்கள்.

சில நாள் டீச்சரே எதையாவது கேட்டுவிடுவார்கள். ஒரு தடவை திடீரென்று, "பையன் பொறந்தப்ப எப்படி இருந்தான்னு சொல்லுங்க" என்றார்கள்.

மாட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போகிறது. "நல்ல மழை டீச்சர் அன்னைக்கு. மில்லுல லீவு தரல. ஷிப்ட் முடிஞ்சு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். தலையெல்லாம் பஞ்சு. நர்சம்மா உள்ளயே விடல, போய்க் குளிச்சிட்டு வாய்யாங்குது. வெளில மழை பெஞ்சுக்கிட்டு இருந்துச்சா, அதுலயே நின்னு தலையை அலசிட்டு ஈரத்தோட போயி வாங்கினேன். கையில குடுத்தா, கண்ணைத் தொறந்து என்னையவே பாக்கான். அழவே இல்லை. நான் ஈரமா இருந்தேன்ல, சட்டையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டான், விடவே மாட்டேங்கான்."

தங்கேஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். டீச்சரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். வெளியே வந்ததும் பையன், "யாரு மாமா அது?" என்றான். "யாரும் இல்லடா, அப்படியே அடிச்சுவிட்டேன்" என்றேன். மழை பெய்தது மட்டும் நிஜம். சட்டையைப் பிடித்ததும் நிஜம்தான். மற்றபடி அந்த அம்மாவுக்காகச் சொன்னதுதான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தது. அரைப்பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த சமயம். ஒருநாள் காலை டீக்கடையில் ஒருத்தர் வந்து எதிரே நின்றார். கால் முழுக்க சிமென்ட், கையில் கம்பி கட்டுகிற கொக்கி.

"நீதான் என் மகனுக்கு அப்பனா?" என்றார்.

"எந்த மகன்?" என்றேன். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன். அதுவரை நான் நிறையப் பேருக்கு அப்பாவாகப் போயிருந்தேன்.

"எந்த மகனா! தங்கேசு!" என்று சட்டையைப் பிடித்துவிட்டார். "ஊரே சொல்லிச் சிரிக்குதுய்யா. 'என்ன லிங்கம், வெள்ளிக்கிழமை ஆனா உன் மவனுக்கு வேற அப்பன் வந்துருதானே'ங்கான் டீ ஆத்துறவன். யாருய்யா உன்னைக் கேட்டா?"

"உங்க மகன்தான் கேட்டான்."

"அப்பனைக் கூட்டிட்டு வரச் சொன்னா அப்பனைல்ல கேக்கணும்?"

"உங்களைக் கேட்டா கம்பி கட்டக் கூட்டிட்டுப் போயிருவீங்களாமே."

அவர் சட்டையை விட்டார். என் சட்டையில் சிமென்ட் கை அப்படியே பதிந்திருந்தது. "வெள்ளிக்கிழமை நானும் வர்றேன். அந்த டீச்சரம்மா முன்னாடி வச்சு உன் வேட்டியை உருவுறேனா இல்லையா பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அந்த வாரம் வேலை ஓடவில்லை. போகாமல் இருந்தால் டி.சி.தான். போனால் லிங்கம் போட்டு உடைத்துவிடுவார், அப்போதும் டி.சி.தான். எப்படிப் பார்த்தாலும் பையன் தொலைந்தான். எதற்கும் வேட்டிக்குப் பதில் பேன்ட் போட்டுக்கொண்டு வந்தேன்.

வந்து பார்த்தால் இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார். பையன் தூண் பக்கத்தில் நிற்கிறான், தூணை விட வெளுத்துப்போய். கூப்பிட்டதும் நான் எழுந்தேன். லிங்கம் எழவில்லை. "நீ முதல்ல போ. உள்ள அப்படி என்னதான் பேசுறீங்கன்னு கேக்குறேன். அப்புறம் இருக்கு உனக்கு" என்றார்.

உள்ளே போய் உட்கார்ந்தோம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர் தலை தெரிகிறது. எனக்கு மில் கதை ஒன்றும் வாயில் வரவில்லை. டீச்சர்தான், "தங்கேஸ்வரன், இன்னைக்கு நீ பேசு. அப்பாகிட்ட என்ன சொல்லணும்னு இருக்கோ, சொல்லு" என்றார்கள்.

அவன் என்னைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் சத்தமாகவே ஆரம்பித்தான். "கம்பி வேலைக்கு வரமாட்டேன்னு நான் எப்பவும் சொல்லலப்பா. லீவுல வந்து செய்யலையா? பரீட்சை எழுதிட்டு வர்றேன்னுதான் சொல்ல வந்தேன். நான் வாயைத் தொறக்கும் முன்ன நீங்க கையை ஓங்கிடறீங்க. வாயைத் தொறந்தா அடி, தொறக்கலைன்னா திமிர். உங்க கை வலிக்குதுன்னு அம்மா ராத்திரி எண்ணெய் தேய்க்கிறது எனக்குத் தெரியாதா? அந்த வேலை எவ்வளவு கஷ்டம்னு தெரிஞ்சுதான் படிக்கணும்ங்கேன்."

தம்பி, எனக்கு உயிரே போய்விட்டது. நான் மில் ஆள். போன வாரம்வரை மில்லைத் தவிர வேறு எந்த வேலையைப் பற்றியும் நான் அந்த ரூமில் பேசவில்லை. இவன் கம்பி கிம்பி என்று உளறுகிறான். என் பெண்டாட்டி போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம், இவன் அம்மா எண்ணெய் தேய்க்கிறாள் என்கிறான். செத்தோம் என்று டீச்சரைப் பார்த்தேன். அவர்கள் அசையவே இல்லை. நானும் சமாளிக்க வேண்டுமே என்று, "சரிடா, சரிடா, எழுது, யார் வேண்டாம்னா" என்றேன்.

அப்போது கதவு திறந்தது. லிங்கம்.

"நீங்க யாரு?" என்றார்கள் டீச்சர்.

அவர் நின்றார். பையனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையில் இருந்த கொக்கியைப் பின்னால் மறைத்துக்கொண்டார். நான் பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன்.

"சித்தப்பா" என்றார்.

"யாருக்கு?"

"பையனுக்கு. நான் பையனுக்குச் சித்தப்பா."

டி.சி. கொடுத்துவிடுவார்கள் என்று பயந்துவிட்டார் போல. வெளியே அவ்வளவு பேசின மனுஷன், உள்ளே வந்ததும் குரல் கம்மிவிட்டது, கண்ணெல்லாம் ஒரு மாதிரி சிவந்து. சிமென்ட் தூசி பட்டிருக்கும். எச்.எம். ரூம் அப்படித்தான், யாராக இருந்தாலும் கொஞ்சம் ஆட்டம் காணும்.

"உட்காருங்க. சித்தப்பாவும் வாராவாரம் வரட்டும், நல்லதுதான்" என்றார்கள் டீச்சர். என்னைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி உட்காருங்க, அவருக்கு இடம் குடுங்க" என்றார்கள். தள்ளி உட்கார்ந்தேன். பையன் நடுவில்.

அதற்கப்புறம் மூன்று பேராக வந்தோம். முதலில் நானும் பையனும் பேசுவோம், சித்தப்பா கேட்பார். அப்புறம் மூன்று பேரும் பேசினோம். அப்புறம் அவர்கள் இரண்டு பேரும் பேசுவார்கள், நான் கேட்பேன். கம்பி வேலையில் அவருக்கும் நிறையக் கதை இருந்தது. என் மில் கதை அதற்கு முன்னால் நிற்காது, ஒத்துக்கொள்கிறேன். தூண் கம்பியைத் தலைகீழாகக் கட்டிவிட்டு இன்ஜினியரிடம் மாட்டிக்கொண்டதைச் சொன்னபோது டீச்சரே சிரித்துவிட்டார்கள். இந்த மாதிரி ஒரு சித்தப்பா இருக்கும்போது அப்பா எதற்கு என்று அவர்களுக்குத் தோன்றிவிடக் கூடாதே என்று நானும் நடுவில் நடுவில், "படிப்பை விட்டுராதடா" என்று சொல்லிவைப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மில்லில் எனக்கு மாற்று ஆள் வரவில்லை. அவன் வராமல் மெஷினை விட்டு இறங்க முடியாது. நேரம் போய்க்கொண்டே இருக்கிறது, டி.சி. எழுதிவிடுவார்களே என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பரீட்சைக்கு ரொம்ப நாள் இல்லை. ஒருவழியாக விட்டதும் தலையைக்கூடத் தட்டாமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தேன். வந்தால் உள்ளே சிரிப்புச் சத்தம். லிங்கமும் பையனும். எதற்கு என்று தெரியவில்லை. நான் கதவில் கை வைத்தேன், அப்புறம் எடுத்துவிட்டேன். இந்த பெஞ்சில் உட்கார்ந்தேன்.

ஆபீஸ் முத்துலட்சுமி அக்கா பார்த்துவிட்டு, "என்னண்ணே வெளிய உக்காந்துட்டீங்க? அப்பா வந்தாச்சுன்னு சொல்லட்டுமா?" என்றது.

"வேணாம்க்கா. அதான் சித்தப்பா இருக்காருல்ல" என்றேன்.

டி.சி. எழுதவில்லை. நான் வராததை டீச்சர் கவனிக்கவே இல்லை போலிருக்கிறது. அதற்கப்புறம் பரீட்சை முடிகிறவரை நான் இங்கேயே உட்கார்ந்துகொண்டேன். காற்றும் இங்கேதான் வரும்.

பையன் பாஸ் செய்துவிட்டான். நல்ல மார்க்குதான். பாலிடெக்னிக்கில் சேர்ந்திருக்கிறான், சிவில். பஸ்ஸில் போகும்போது பார்த்தால் கை காட்டுவான். கூட்டத்தில் சில சமயம் பார்க்க மாட்டான். லிங்கம் டீக்கடையில் பார்த்தால், "வாங்கண்ணே, டீ சாப்பிடுங்க" என்பார். அந்தச் சட்டையில் சிமென்ட் கறை போகவே இல்லை. மில்லுக்குப் போட்டுக்கொள்கிறேன்.

மற்ற பையன்களா? யாரும் கூப்பிடுவதில்லை. இப்போது அவனவன் சொந்த அப்பாவையே கூட்டிவந்துவிடுகிறான். அடி இல்லையே, பயம் எதற்கு?

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் முதல் வெள்ளிக்கிழமை கால் பாட்டுக்கு இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டது. வந்து உட்கார்ந்தபிறகுதான், அட, பையன்தான் போய்விட்டானே என்று ஞாபகம் வந்தது. எழுந்து போவதற்குள் டீச்சர் பார்த்துவிட்டார்கள். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்கள். அந்தப் பெரிய பெஞ்சில் நான் மட்டும்.

"தங்கேஸ்வரன் எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான் டீச்சர். பாலிடெக்னிக் போறான்."

"உங்களுக்கு வேற பிள்ளைங்க யாரும் இல்லையா?"

எதற்குக் கேட்கிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. இவ்வளவு நாள் கழித்து ஏதோ சந்தேகம் வந்திருக்கிறது. உண்டு என்றால் பெயர் என்ன என்பார்கள். பெயரைச் சொன்னால் எங்கே படித்தான் என்பார்கள், ஏன் நின்றான் என்பார்கள். இழுத்துக்கொண்டே போனால் தங்கேஸ் என் பையன் இல்லை என்பதில் போய் நிற்கும். பாஸான பையனுக்கு இப்போது போய் ஒரு வில்லங்கம் வரக் கூடாது.

"இல்ல டீச்சர். ஒரே பையன்தான்" என்றேன். சட்டென்று வந்துவிட்டது தம்பி. யோசிக்கவே இல்லை.

அவர்கள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம், "வெள்ளிக்கிழமை வரணும்னு தோணினா வாங்க. சும்மா வந்து உட்காருங்க" என்றார்கள். மரியாதைக்குச் சொல்லியிருப்பார்கள். நானும் மரியாதைக்கு வந்துகொண்டிருக்கிறேன்.

மணி அடித்துவிட்டது. அவர்கள் வெளியே வருகிறார்கள், பாருங்கள். அடுத்தது நீங்கள்தான், எழுந்திருங்கள். பையனை முன்னால் போகச் சொல்லுங்கள். பயப்படாதீர்கள், அந்த அம்மா எதைக் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். உங்களுக்கென்ன தம்பி, நீங்கள் நிஜ அப்பா.